வெள்ளி பூட்ஸுக்கு நாலு ஓட்டு

வாங்க தம்பி. செருப்பை வெளியவே விட்டுருங்க, மருமக இப்பதான் தரையைத் தொடச்சிருக்கா. எந்திரிக்க முடியலன்னு தப்பா நினைக்காதீங்க, இந்த முட்டு இருக்கே, அது என் பேச்சைக் கேட்டு இருபது வருஷம் ஆச்சு. லெட்டரா? அந்த டீப்பாய் மேல வைங்க. கண்ணாடி எங்கயோ கிடக்கு, அப்புறமா படிக்கேன். வாயாலயே சொல்லுங்க.

ஓ. மரியசெல்வம் நினைவுக் கோப்பை. காலேஜ் ஃபுட்பால். அம்பதாவது வருஷமா? பரவாயில்லையே. வெள்ளி பூட்ஸ் யாருக்குக் குடுக்கணும்னு முடிவு பண்ணுத கமிட்டியில இந்தத் தளவாய் சிறப்பு உறுப்பினரா இருக்கணும். சரிதான். நான் உசிரோட இருக்கேங்கிறது உங்க காலேஜுக்கு எப்படித் தெரிஞ்சது? ரிட்டயர் ஆகி எட்டு வருஷத்துல ஒரு நோட்டீஸ் கூட வரல. போன வருஷம் ஃபைனலை வேலிக்கு வெளிய நின்னுதான் பாத்தேன். உள்ள சோஃபாவுல கவுன்சிலரோட மச்சினன் உக்காந்து, ஆஃப்சைடுன்னா என்னன்னு பக்கத்துல உள்ளவர்ட்ட விசாரிச்சுக்கிட்டு இருந்தாரு. நல்ல ஆர்வம்.

இல்ல தம்பி, கோவம் ஒண்ணும் இல்ல. அந்தக் கமிட்டியில நான் ஏற்கனவே இருந்திருக்கேன். பத்தொம்பது வருஷம் ஆச்சு. நீங்க அப்ப டவுசர் போட்டிருப்பீங்க. அந்த ஒரு தடவையே எனக்கு ஜென்மத்துக்கும் போதும். ஏன்னு கேக்கீங்களா? கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன். காப்பி வரட்டும்.

வெள்ளி பூட்ஸ்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்லா? பஜார்ல செருப்புக்கடை வச்சிருந்த ஒரு மனுஷன் குடுத்தது. ஒத்தக் கால் பூட்ஸ். இன்னொரு கால் எங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. ஆனா அந்த ஒத்தக் காலுக்கு அப்ப ஒரு மவுசு இருந்துச்சு. துறைமுக அணி ஒண்ணு, அதோட மேனேஜர் ஒவ்வொரு வருஷமும் ஃபைனலுக்கு வருவாரு. வெள்ளி பூட்ஸ் யாருக்குக் குடுக்காங்களோ அந்தப் பயலுக்கு அங்கேயே வேலைக்கு லெட்டர். முதல்ல ஒப்பந்தம், மூணு வருஷத்துல நிரந்தரம். பூட்ஸ் வாங்கினவன் வீட்டுல அடுப்பு எரியும். அப்படி வச்சுக்கோங்க.

அந்த வருஷம் அஞ்சு காலேஜ். ஒவ்வொரு காலேஜும் ஒரு பையன் பேரைக் குடுக்கணும். அஞ்சு காலேஜுக்கும் அஞ்சு பி.டி. மாஸ்டர், அந்த அஞ்சு பேருதான் கமிட்டி. ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரு பேரு. ஓட்டுக்கு ஒரே ஒரு சட்டம், தன் காலேஜ் பையனுக்குத் தானே போடக் கூடாது. செருப்புக்கடைக்காரர் போட்ட சட்டம். மனுஷன் வியாபாரி, ஆளுகளோட குணம் தெரிஞ்சவரு. ஆனா முக்கால்வாசிதான் தெரிஞ்சிருக்கு.

என் காலேஜ் குடுத்த பையன் எஸ்தாக்கி. உவரிக் கடற்கரைப் பையன். அப்பா கட்டுமரத்துல போயிட்டு இருந்தவரு, கண்ணு போயி வீட்டோட இருந்தாரு. கீழ ரெண்டு தங்கச்சி. பி.ஏ. கடைசி வருஷம், அவனுக்கு அதை விட்டா வேற வருஷம் கிடையாது. நடுக்களத்துல எட்டாம் நம்பர். நான் சும்மா சொல்லல தம்பி, நோட்டுப் போட்டு எழுதினவன். லீக்குல நாலு மேட்ச். எஸ்தாக்கி குடுத்த பாஸ் இருநூத்திப் பதினொண்ணு. தப்பாப் போனது ஒம்பது. அந்த ஒம்பதுல நாலு, நான் வெளிய நின்னு கத்தினதுனால போனதுன்னு பயலுவ சொல்லுவானுவ. பயலுவ என்னத்தையாவது சொல்லிட்டுத்தான் இருப்பானுவ.

ஃபைனல் அன்னைக்குக் காலையில கமிட்டி கூடுச்சு. உங்க காலேஜ் ஜிம்முக்குப் பக்கத்துல இருக்குமே, பழைய ஹாக்கி மட்டை எல்லாம் போட்டு வச்சிருக்கிற ரூமு, அங்கதான். உளுந்தவடையும் காப்பியும் வச்சிருந்தாங்க. அப்ப உங்க காலேஜ் பி.டி. வேதமாணிக்கம். நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஒரு மனுஷனைப் பத்திச் சொல்லுததுக்கு வேற ஒண்ணும் இல்லைன்னா அப்படித்தானே சொல்லணும்.

முதல்ல விவாதம். தூத்துக்குடிக்காரர் எந்திரிச்சாரு. தன் பையன் ஆறு கோல் போட்டிருக்கானாம், வேற யாரும் அத்தனை போடலையாம். வாஸ்தவம். ஆறுல அஞ்சு வேதமாணிக்கத்தோட டீமுக்கு எதிரா. அன்னைக்கு அந்த டீம் கோல்கீப்பருக்கு நூத்தி ரெண்டு டிகிரி காய்ச்சல். அவன் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், கம்பம் அவனைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் கேட்டேன், "வே, உம்ம பையனுக்குப் பூட்ஸ் குடுக்கணுமா, இல்ல அந்தக் காய்ச்சலுக்கு ஒரு சுழற்கோப்பை குடுக்கணுமா?"

அவருக்கு முகம் சிவந்து போச்சு. நாகர்கோயில்காரர் தன் கோல்கீப்பருக்காகப் பேசினாரு. மூணு மேட்ச்ல ஒரு கோல் கூட விடலையாம். பந்து அந்தப் பக்கம் வந்தாத்தானே விடுததுக்கு? ஒரு மேட்ச்ல அந்தப் பையன் கம்பத்துல சாஞ்சு நிலக்கடலை தின்னதை நான் கண்ணால பாத்தேன். அப்புறம் கோவில்பட்டிக்காரர். அவரோட ஸ்டாப்பர் பேக் ஆறடி உயரம், அவனைத் தாண்டி ஒரு பயலும் போகலையாம். எப்படிப் போவான்? போகப் பாத்தவன்ல ரெண்டு பேரு ஆஸ்பத்திரியில கிடந்தானுவ.

நான் எந்திரிச்சு நோட்டை விரிச்சேன். இருபது நிமிஷம் பேசினேன். இருநூத்திப் பதினொண்ணு, ஒம்பது, இடது கால் எத்தனை, வலது கால் எத்தனை. பேசி முடிச்சதும் தூத்துக்குடிக்காரர் கூடத் தலையை ஆட்டுனாரு. உண்மையைச் சொல்லணும்னா தம்பி, அங்க இருந்த அஞ்சு பேருக்கும் தெரியும், அந்த வருஷம் எஸ்தாக்கியை மிஞ்சின ஆட்டக்காரன் கிடையாது. தெரிஞ்சதுதான் வினை.

அஞ்சாவதா வேதமாணிக்கம். அவருடைய கேப்டன் முதல் மேட்ச்லயே ரெஃப்ரியை அம்மாவுல இருந்து ஆரம்பிச்சுத் திட்டி, சிவப்பு அட்டை வாங்கிட்டான். சிவப்பு அட்டை வாங்கினவன் பேரைக் குடுக்க முடியாது. ஃபாரத்துல ஏதாவது ஒரு பேரை எழுதணுமேன்னு ஆறுமுகநயினார்னு ஒரு பையன் பேரை எழுதியிருந்தாரு. யாரு அவன்? சப்ஸ்டிட்யூட். தொடர் முழுக்க அவன் ஆடினது பதினொரு நிமிஷம். அந்தப் பதினொரு நிமிஷத்துல பந்து அவன் கால்ல பட்டது ரெண்டு தடவை, ரெண்டாவது தடவை பட்டது அவனுக்கே தெரியாது. மத்த நேரமெல்லாம் மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போடுவான். கோடு நேரா இருக்கும், அதை நான் மறுக்க மாட்டேன்.

வேதமாணிக்கம் எந்திரிச்சு, "நம்ம பையனைப் பத்திப் பெரிசா சொல்ல ஒண்ணும் இல்ல. தினமும் பிராக்டிஸுக்கு ஒழுங்கா வருவான்"னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. நாங்க எல்லாரும் ரொம்ப மரியாதையா வடையைப் பாத்துக்கிட்டு இருந்தோம்.

அப்புறம் சீட்டு. இப்ப நீங்களே சொல்லுங்க தம்பி. எஸ்தாக்கிக்கு நான் போட முடியாது, சட்டம். தூத்துக்குடிப் பையனுக்குப் போட்டா அவன் ஏறுவான். நாகர்கோயிலுக்குப் போட்டா அவன் ஏறுவான். கோவில்பட்டியும் அதே மாதிரித்தான். யாருக்குப் போட்டாலும் எஸ்தாக்கிக்கு நானே குழி வெட்டுத மாதிரி ஆயிரும். அப்ப என் சீட்டை எங்க போடணும்? யாருக்கும் உபயோகப்படாத இடத்துல, கிணத்துல போடுத மாதிரி. எந்தக் காலத்துலயும் ஜெயிக்க முடியாத ஒரு பேரு வேணும். பேரு கைவசம் இருந்துச்சு.

இதைத் தந்திரம்னு சொல்லுவாங்க தம்பி. ஆட்டத்துல இதெல்லாம் உண்டு. நீங்க ஏன் அப்படிப் பாக்கீங்க?

உங்க காலேஜ் பிரின்சிபால் சீட்டைப் பிரிச்சு வாசிச்சாரு. முதல் சீட்டு, ஆறுமுகநயினார். எனக்குள்ள சிரிச்சுக்கிட்டேன், சரி, நம்ம சீட்டு முதல்லயே வந்துட்டு. நிமிந்து பாத்தா தூத்துக்குடிக்காரரும் லேசாச் சிரிக்காரு. கோவில்பட்டியும் சிரிக்காரு. நாகர்கோயில்காரர் கர்ச்சீப்பால வாயைத் தொடைக்காரு. ரெண்டாவது சீட்டு, ஆறுமுகநயினார். ஒருத்தர் சிரிப்பையும் காணோம். மூணாவது, எஸ்தாக்கி. எனக்கு மூச்சு வந்துச்சு. நாலாவது, ஆறுமுகநயினார். அஞ்சாவது சீட்டைப் பிரின்சிபால் ரெண்டு தடவை பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மூணாவது தடவையும் பாத்தாரு. ஆறுமுகநயினார்.

நாலுக்கு ஒண்ணு. வேதமாணிக்கத்துக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. எங்க நாலு பேரு கையையும் ஒவ்வொண்ணாப் பிடிச்சுக்கிட்டு, "நானே பாக்காததை நீங்க அவன்ட்ட பாத்திருக்கீங்க, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்"னு கேக்காரு. நாங்க என்ன சொல்ல முடியும்? வாயைத் திறந்து, இது தப்பு, திரும்ப ஓட்டுப் போடணும்னு சொன்னா, ஏன் தப்புன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா நாம என்ன பண்ணினோம்னு சொல்லணும். நாலு பேரும் கையைத் தட்டுனோம். நல்லா சத்தமாவே தட்டுனோம்.

அதோட முடியல. விருதுக்குப் பாராட்டுரை எழுதணும்லா, மேடையில வாசிக்க. தளவாய்க்குத்தான் தமிழ் நல்லா வரும்னு மத்த மூணு பேரும் பேப்பரை என்கிட்டத் தள்ளிட்டானுவ. பதினொரு நிமிஷத்துக்குப் பாராட்டுரை எழுதிப் பாருங்க, தெரியும். எழுதினேன். "களத்தில் தன்னை முன்னிறுத்திக் கொள்ளாமல், அணியின் எல்லைக் கோடுகளை உணர்ந்து செயல்பட்டவர்." சுண்ணாம்புக் கோட்டையும் எப்படி உள்ள கொண்டு வந்துட்டேன் பாத்தீங்களா? அந்தக் கஷ்டத்துலயும் ஒரு திருப்தி.

சாயங்காலம் ஃபைனல். எங்க காலேஜும் தூத்துக்குடியும். அன்னைக்கு எஸ்தாக்கி ஆடின ஆட்டம் இருக்கே தம்பி, அதை எந்த நோட்டுலயும் எழுத முடியாது. ரெண்டுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சோம், ரெண்டு கோலும் அவன் எடுத்துக் குடுத்த பந்து. துறைமுக மேனேஜர் என் பக்கத்துல வந்து, "எட்டாம் நம்பர்தானே சார்?"னு கேட்டாரு. நான் நோட்டை மடக்கிப் பைக்குள்ள வச்சேன்.

மேடையில மைக்கைப் பிடிச்சவரு, "இந்த ஆண்டின் வெள்ளி பூட்ஸ்..."னு இழுத்தாரு. எங்க பயலுவ எஸ்தாக்கி முதுகுல கையை வச்சுத் தள்ளுதானுவ. அவன் பாதி எந்திரிச்சுட்டான். பேரு ஆறுமுகநயினார்னு வந்துச்சு. பாதி எந்திரிச்சவன் என்ன செய்வான்? முழுசா எந்திரிச்சு நின்னு கை தட்டினான். ஏதோ அதுக்காகத்தான் எந்திரிச்ச மாதிரி. ஆறுமுகநயினாரை மைதானத்துல தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு, அவன் கொடிக் கம்பத்தைப் பிடுங்கிக்கிட்டு இருந்தான். மேனேஜர் கவரைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. விருது யாருக்கோ லெட்டர் அவருக்குன்னு மேலிடத்து உத்தரவு. குடுத்துட்டுப் போயிட்டாரு.

மறுநாள் காலையில பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு. பயலுவ எல்லாம் டீ குடிக்கானுவ. எஸ்தாக்கி டீ கிளாஸோட என் பக்கத்துல வந்து நின்னான்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுலே."

"நயினாருக்கு நாலு ஓட்டுன்னு சொல்லுதாங்க. வேதமாணிக்கம் சார் அவர் பையனுக்குப் போட முடியாதுலா?"

"முடியாது."

"அப்ப மிச்சம் நாலு பேருதான் சார்."

நான் கணக்கு வாத்தியார் இல்ல தம்பி. ஆனா இந்தக் கணக்குக்கு வாத்தியாரே வேண்டாம். நான் சத்தம் போட்டேன். "ஏலே, உனக்கு நான் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியும்லா?"

"தெரியும் சார். எனக்குப் போடலைன்னு கேக்கல. யாருக்குப் போட்டீங்கன்னுதான் கேட்டேன்."

"அது ரகசிய ஓட்டுலே"ன்னு சொன்னேன். சரியான பதில்தானே? சட்டப்படி சரியான பதில். அவன், "சரி சார்"னு சொல்லிட்டு, கிளாஸைக் கடையில குடுத்துட்டு வந்து, என் பையைத் தூக்கிப் பஸ்ல வச்சான். அப்பவே எனக்கு முட்டு வலி உண்டு, எப்பவும் அவன்தான் பையைத் தூக்குவான். அன்னைக்கும் தூக்கினான். கோவத்துல ரெண்டு வார்த்தை பேசியிருந்தா எனக்குப் போதும். அந்தப் பையைத் தூக்கி வச்சான் பாருங்க, அதை என்னால பொறுக்க முடியல. இன்னைக்கும் முடியல.

அதுக்கப்புறம் அவன் பரீட்சை எழுதிட்டு ஊருக்குப் போயிட்டான். ஒம்பது வருஷம் கடல்ல வலை இழுத்தான்னு சொன்னாங்க. தங்கச்சிமார் ரெண்டையும் கட்டிக் குடுத்துட்டு, அப்புறமா ஏதோ படிச்சான்னு கேள்வி. இப்ப எங்க இருக்கானோ. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். என் மேல தப்பு இல்லைன்னு அவனுக்குத் தெரியும். நான் அவனுக்காக இருபது நிமிஷம் பேசினவன்.

தப்பு யார் மேலன்னா, அந்த மூணு பேரு மேல. அவங்க நாணயமா, மனசாட்சிப்படி போட்டிருந்தா, எஸ்தாக்கிக்கு நாலு ஓட்டு. என் ஓட்டு கிணத்துல விழுந்திருக்கும், யாருக்கும் நஷ்டம் இல்ல. அப்படி நம்பித்தான் நான் போட்டேன். என் நம்பிக்கையில மண்ணைப் போட்டது அவங்கதானே? நான் செஞ்சது தந்திரம் தம்பி. அவங்க செஞ்சது துரோகம். ரெண்டும் ஒண்ணா?

அதை விட வேதமாணிக்கம். அப்பாவி மாதிரி உக்காந்து காரியத்தைச் சாதிச்சுட்டு, எஸ்தாக்கிக்கு ஒரு ஓட்டையும் போட்டு நல்ல பேரும் வாங்கிட்டாரு. அஞ்சு பேருல ஆட்டத்தைப் பாத்து ஓட்டுப் போட்டது அவர் ஒருத்தர்தான்னு ஊர்ல பேச்சு. இருக்கட்டும். பாத்ததைப் பாத்தபடி எழுதுததுக்கு என்ன பெரிய மூளை வேணும்?

ஆறுமுகநயினாரா? ஜம்முன்னு இருக்கான். துறைமுக அணியில மூணு வருஷம் பெஞ்சுல உக்காந்தான், உக்காருததுலதான் அவனுக்கு ஏற்கனவே அனுபவம் உண்டே. நிரந்தரம் ஆனதும் ஆபீஸுக்கு மாத்திட்டாங்க. இப்ப சூப்பிரண்டு. வேலையில சுத்தமானவன்னு சொல்லுதாங்க. ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்கு வாழ்த்து அட்டை வரும். "நீங்கள் எனக்கு அளித்த வாக்கும் பாராட்டுரையும் என் வாழ்வு"ன்னு அச்சடிச்ச மாதிரி எழுதுவான். அந்தப் பாராட்டுரையை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கானாம். மொத ரெண்டு மூணு வருஷம் அட்டையைக் கிழிச்சுப் போட்டேன். இப்ப வச்சுக்கிடுதேன். அவன்ட்ட ஏதோ ஒண்ணு இருந்திருக்கு தம்பி, நாம நினைக்கிற மாதிரி சும்மா ஆள் இல்ல. எனக்கு அப்பவே அது பட்டிருக்குமோ என்னவோ.

சரி, அந்த லெட்டரை எடுங்க. கண்ணாடி தலையிலயே இருந்திருக்கு, நீங்களாவது சொல்லக் கூடாதா? ம். பெருமதிப்பிற்குரிய... சரி, சரி. பொன்விழா ஆண்டு... உறுப்பினர்கள் அஞ்சு பேரு... "இம்முறை சீட்டு முறை கிடையாது. ஒவ்வொரு உறுப்பினரும், போட்டியாளர்களான வீரர்கள் அனைவரும் அமர்ந்திருக்கும் அவையில் எழுந்து நின்று, தாம் தேர்ந்தெடுக்கும் வீரரின் பெயரையும் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும்."

இது என்ன புதுப் பழக்கம்? பயலுவளை முன்னால உக்கார வச்சுக்கிட்டா? யாரு மூளையில உதிச்சது இது? கையெழுத்து... பி.டி. டைரக்டர்...

எஸ்தாக்கி.

உங்க காலேஜுலயா இருக்கான்? ஜூன்லதான் சேந்தானா. யாரு, வேதமாணிக்கமா சிபாரிசு பண்ணினாரு? ஓஹோ. என்னைக் கூப்பிடணும்னு அவனேதான் சொன்னானா. வேற யாரும் வேண்டாம், தளவாய் சார்தான் வரணும்னா.

நல்லா இருக்கானா தம்பி? கறுத்துத்தான் போயிருப்பான். கடல்ல கிடந்தவன்லா.

இல்ல, நான் வர்றதுக்கு இல்ல. வரக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. எழுந்து நின்னு சொல்லணும்னு போட்டிருக்கான்லா, என்னால எங்க எந்திரிக்க முடியுது? நீங்களே பாத்தீங்கள்லா, நீங்க வந்தப்பவே நான் எந்திரிக்கல. முட்டு வலின்னு சொல்லிருங்க. அவனுக்கு என் முட்டைப் பத்தித் தெரியும்.

என்னது, பின்னால திருப்பவா? பின்னாலயும் எழுதியிருக்கா?

பேனாவால எழுதியிருக்கான். அதே கோழிக் கிறுக்கல். "சாருக்கு முட்டு வலி இருக்கும். உக்காந்துக்கிட்டே சொல்லலாம். பேரை மட்டும் எல்லாருக்கும் கேக்குத மாதிரி சொன்னாப் போதும்."

காப்பி ஆறிப் போச்சே, குடிங்க. குடிச்சுட்டுக் கிளம்புங்க, வெயில் ஏறிட்டு. அவன்ட்ட என்ன சொல்லணுமா?

தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லுங்க தம்பி.